என் ஐடியில் ஆடியவர்

நான் சுட்டு வீழ்த்திய முதல் ஏழு பேரும் மனிதர்களே இல்லை என்று சொன்னவன் என் மகன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. அபுதாபியை அடுத்த முசஃபாவில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருக்கும் அறையில், கீழ்க்கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒரே ஆட்டத்தில் ஏழு பேரை முடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். காதில் மாட்டியிருந்த ஒயர் வழியாகத் திருச்சியில் இருக்கும் அவனிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பா, அதெல்லாம் கம்ப்யூட்டர் ஆடறதுப்பா. ஆள் கிடையாது" என்றான்.

"ஏழுமா?"

"மோஸ்ட்லி ஏழும். புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான் குடுப்பாங்க. இல்லன்னா ஃபர்ஸ்ட் டேவே டிலீட் பண்ணிட்டுப் போயிடுவாங்கல்ல."

அவன் கேலிகூடச் செய்யவில்லை. செய்திருந்தால் திட்டியாவது இருப்பேன். எனக்குக் கோபமெல்லாம் அந்த விளையாட்டைச் செய்தவன் மேல் வந்தது. நாற்பத்தேழு வயது ஆளை உட்காரவைத்து, எதிரே பொம்மைகளை நடக்கவிட்டு, சுடச் சொல்லி, கடைசியில் திரை முழுக்கத் தங்க நிறத்தில் பாராட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறான். நானும் அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பியிருந்தேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நூறு பேரை விமானத்திலிருந்து ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். நான்கு நான்கு பேராக டீம். கிடைக்கிற துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மற்ற டீம்களைத் தீர்க்க வேண்டும். நிற்கக்கூடிய இடம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிற டீம் ஜெயித்ததாகக் கணக்கு. அடிபட்டு விழுந்தவனைக் கூட்டாளி ஓடிவந்து தூக்கிவிடலாம். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் போனில் ஆடுகிறார்கள். எட்டு வயதுக் குழந்தையும் ஆடுகிறது, சவாரிக்குக் காத்து நிற்கும் டிரைவரும் ஆடுகிறார். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வந்தவன் இருக்க முடியுமா என்பதுதான் வேறு கதை.

எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசை எதுவும் கிடையாது. என் மகன் மேல்தான் ஆசை.

அவன் ஷார்ஜாவில் வளர்ந்தவன். ரோலாவில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் பன்னிரண்டு வருஷம் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அவன் ஒன்பதாவதுக்கு வந்ததும், இங்கே எங்களைப் போன்ற எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். காலேஜ் சேர்க்கைக்கு ஊரில் படிப்பதுதான் நல்லது என்று நாலு பேர் சொன்னார்கள். அம்மாவும் பிள்ளையும் திருச்சிக்குப் போனார்கள். நான் வீட்டைக் காலி செய்துவிட்டு, கம்பெனி என்னை மாற்றியிருந்த ஏசி டக்ட் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே இந்த அறைக்கு வந்து சேர்ந்தேன். ஏர்போர்ட்டில் வழியனுப்பும்போது அவன் உயரம் என் காதுவரை இருந்தது.

போனபிறகு பேச்சு குறைந்துவிட்டது. இங்கே எல்லார் போனிலும் இருக்கும் அந்தப் பச்சை ஆப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். இந்த நாட்டில் அதில் கால் பேச மட்டும் விடமாட்டார்கள். அதற்கென்று அனுமதி வாங்கிய வேறு ஆப் ஒன்றில்தான் மனைவி தினமும் வீடியோவில் வருவாள். கடைசியில் போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகத் திருப்புவாள். சாப்டியா என்பேன், சாப்டேன் என்பான். படிக்கிறியா என்பேன், ம் என்பான். அவன் முகம் ஓரமாக நகர்ந்துகொண்டே போய்க் கடைசியில் திரையில் ஒரு காதும் மின்விசிறியும்தான் தெரியும். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்கும் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியாத அப்பாக்களில் நானும் ஒருவன்.

வழி காட்டியவர் என் மேல்கட்டில்காரர். ராமநாதபுரம் பக்கம். குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், எப்போதும் நைட் டூட்டி. முப்பத்தொரு வயது, கல்யாணமானவர். பகலில் தூங்கி எழுந்ததும் சட்டைகூடப் போடாமல் உட்கார்ந்து இந்த விளையாட்டைத்தான் ஆடுவார்.

"அண்ணே, தம்பியும் இதத்தான ஆடுறான்? நீங்களும் வாங்கண்ணே. இதுல வாய்ஸ் ஜம்முன்னு போகும்" என்றார். "எங்க பழைய லேபர் கேம்ப்ல பாதிப் பேரு பொண்டாட்டிகூடப் பேசுறதே இதுலதான். சுடவே மாட்டாய்ங்க. ரெண்டு பேரும் ஒரு வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு, எவனாவது வந்து சுடுற வரைக்கும் பேசிக்கிட்டுக் கெடப்பாய்ங்க."

அதைக் கேட்டு நான் சிரித்தேன். அடுத்த வாரம் அவரே தன் ஐடியில் இரண்டு ஆட்டம் கூட வந்து பழக்க, நானும் அந்தத் தீவில் இறங்கிவிட்டேன்.

முதல் சில மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது. ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவன் அழைப்பான். அவன், அவனோடு திருச்சியில் படிக்கும் ஒருவன், பழைய ஷார்ஜா பள்ளித் தோழன் ஒருவன், நான்காவதாக நான். இறங்கிய இரண்டாவது நிமிஷம் நான் விழுந்துவிடுவேன். "அங்கிள் டவுன்" என்று ஷார்ஜா பையன் ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்வான். என் மகன் ஓடிவந்து என்னைத் தூக்கிவிடுவான். தூக்கிவிட ஏழெட்டு விநாடி ஆகும். அந்த நேரத்தில் அவன் சும்மா எதையாவது பேசுவான்.

அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. வகுப்பில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, துபாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது. பிசிக்ஸ் சார் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார் என்பது. அம்மா ராத்திரி சீரியலை மியூட்டில் வைத்துவிட்டு அழுகிறாள் என்பது. இதையெல்லாம் வீடியோவில் என் முகத்தைப் பார்த்து அவன் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். கை வேலையாக இருந்ததால் வாய் தானாகப் பேசியது. நான் செத்துச் செத்து விழுந்ததால் அவனுக்கு நேரம் கிடைத்தது. அப்போது எனக்கு இது புரியவில்லை. நன்றாக ஆடிவிட வேண்டும் என்ற வெறிதான் இருந்தது.

ஆனால் முடியவில்லை. பொம்மைகளைச் சுட்டு நான்கைந்து படி ஏறியதும், சரி, இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவுசெய்து, நிஜ ஆட்களோடு தள்ளிவிட்டார்கள். போதாததற்கு, டீமாகச் சேர்ந்து ஆடினால் டீமில் யார் உசத்தியோ அவன் தரத்துக்குத்தான் எதிரிகள் வருகிறார்கள். என் மகன் உசத்தி. அதனால் எனக்கு எதிரே வந்து நின்றவர்கள் எல்லாரும் என் மகன்கள். ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று துப்பாக்கியில் குண்டு போடுவதற்குள் எங்கிருந்தோ வந்து முடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த மாதிரி விளையாட்டுகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். சுத்தமாக ஆடத் தெரியாதவனைப் பொம்மை கொடுத்துத் தாங்குகிறார்கள். பிரமாதமாக ஆடுகிறவனுக்குப் பட்டம், பரிசு, பார்க்க ஆயிரம் பேர். சுமாராக ஆடுகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. பிரமாதமாக ஆடுகிறவன் சுட ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் அவனை வைத்திருக்கிறார்கள். நான் பள்ளியிலும் சுமார், டிப்ளமோவிலும் சுமார். பதினெட்டு வருஷமாக ஒரே கம்பெனியில் ஃபோர்மேன். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, மேலே தூக்கிவிடவும் இல்லை. விளையாட்டிலுமா இப்படி என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிறு ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அவன் கொஞ்சம் தயங்கினான்.

"அப்பா, இந்த சீசன் நாங்க ரேங்க் ஏத்தணும்னு பார்க்கிறோம். உங்க ரேங்க்குக்கும் எங்களுக்கும் கேப் ஜாஸ்தியா இருக்கா, கேமே சேர்க்க விட மாட்டேங்குது."

"அப்ப நான்?"

"நாம சும்மா மேட்ச் ஆடலாம்ப்பா. எப்பயாவது."

எப்பயாவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே ஒர்க்‌ஷாப்பில் லீவு கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். அந்த நான்காவது இடம் போனால் என் பிள்ளை என்னோடு பேசுகிற இடமே போய்விடும். எங்களுக்கு வேறு இடம் இல்லை. மாரியம்மன் கோவிலோ கிரிக்கெட்டோ மொட்டை மாடியோ எதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இல்லை. அன்றைக்கு ஒர்க்‌ஷாப் வாசல்வரை நடந்துபோய்விட்டு வந்தேன். வெயிலில் கண் கூசியது. யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது.

ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். டூட்டி முடிந்து குளித்ததும் ஆட்டத்துக்குள் இருக்கும் பயிற்சி மைதானத்தில் இறங்கி நிற்கிற அட்டைகளைச் சுடுவேன். வீடியோ பார்த்துப் பொத்தான்களை இடம் மாற்றி வைத்தேன். என் கட்டைவிரல்கள் ஒத்துழைக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் டக்டுக்குத் தகடு பிடித்த விரல்கள். நுனியில் வெட்டுக்காயம் ஆறி ஆறித் தோல் தடித்துவிட்டது. காலையில் வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தால்கூட நாலு தரம் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் பச்சை எரியும். டைம்கீப்பர், "உஸ்தாத், உங்கலி பத்லோ" என்று தினமும் அலுத்துக்கொள்வான். விரலை மாற்று என்கிறான், எங்கே போய் மாற்றுவது. போன் திரையும் அதே கதைதான். நான் ஓடச் சொன்னால் குனிந்தது, குனியச் சொன்னால் குண்டு வீசியது.

ஒருநாள் இதையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேல்கட்டில்காரர் இறங்கி வந்தார்.

"அண்ணே, உங்க ஐடியக் குடுங்க. நான் பகல்ல சும்மாதான கெடக்கேன். ரெண்டு வாரத்துல ஏத்தி விட்டுர்றேன். அப்பறம் ஞாயித்துக்கெழம நீங்க தம்பிகூட ஆடிக்கங்க."

"தப்பில்லையா?"

"என்னண்ணே தப்பு. ஊருல எல்லாப் பயலும் செய்றாய்ங்க. நீங்க நெறைய யோசிக்கிறீங்க."

இங்கே அறைவாசிகளுக்குள் இது சாதாரணம். ஒருத்தர் சட்டையை ஒருத்தர் போட்டுக்கொள்வோம், ஒருத்தர் லைசென்ஸ் படிப்புக்கு ஒருத்தர் உட்கார்ந்து கேள்வி கேட்போம், ஊருக்குப் போகிறவர் பெட்டியில் எல்லார் சாமானும் போகும். ஐடி என்பதும் அப்படி ஒரு சாமான் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை நான் சாப்பாட்டு நேரத்தில் இருந்தபோது மனைவி அழைத்தாள்.

"என்னங்க, இன்னிக்கு டூட்டிக்குப் போகலையா?"

"போயிருக்கேனே."

"பின்ன இவன் காலைலேர்ந்து அப்பாகூட ஆடுறேன், அப்பாகூட ஆடுறேன்னு குதிக்கிறான்? ஸ்கூல் லீவுன்னு இங்கதான் இருக்கான். இருங்க தர்றேன்."

எனக்கு விளங்குவதற்குள் அவன் வந்துவிட்டான். மூச்சு வாங்கப் பேசினான்.

"அப்பா, செமப்பா. லாஸ்ட் சர்க்கிள்ல நாலு பேரைத் தனியா எடுத்தீங்களே, எப்படிப்பா? நான் பசங்ககிட்டச் சொன்னேன், நம்பவே மாட்டேங்கறாங்க. மைக் ஏன் போடல?"

அவன் என் ஐடி ஆன்லைனில் பச்சையாக எரிவதைப் பார்த்து ஆட்டத்துக்கு அழைத்திருக்கிறான். மேல்கட்டில்காரர், மறுத்தால் தம்பி வருத்தப்படுவானே என்று சேர்ந்துகொண்டிருக்கிறார். பேசினால் தெரிந்துவிடும் என்று மைக்கை அணைத்துவிட்டார். இப்போது நான் உண்மையைச் சொல்லலாம். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் செமப்பா என்று என் மகன் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"மைக் ரிப்பேர்" என்றேன். "இன்னிக்கு ஹாஃப் டே. பழகிட்டேன் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரேங்க் ஏறிவிட்டது, விரல் அதே விரல்தான். மேல்கட்டில்காரரிடம், "நீங்களே ஆடிருங்க, நான் பேசுறேன்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, சரிண்ணே என்றார்.

அதன்பிறகு எட்டு ஞாயிறுகள் இப்படித்தான் நடந்தன. கீழ்க்கட்டிலில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்காருவோம். போன் அவர் கையில். இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மைக் இருக்கும் மறுமுனை என் காதில். அவர் வாயைத் திறக்கக் கூடாது. வலது பக்கம் எதிரி வந்தால் முழங்காலால் என்னை இடிப்பார், நான் "வலது பக்கம் ஆளு" என்பேன். இரண்டு தரம் இடித்தால் பின்னால் போகிறோம் என்று அர்த்தம். இருமல் வந்தால் போனை என்னிடம் திணித்துவிட்டு வெளியே ஓடுவார், அதற்குள் நான் செத்துவிடுவேன், சிக்னல் போச்சு என்று சமாளிப்பேன். மற்ற இரண்டு ரூம்மேட்களும் சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிப்பார்கள்.

நாங்கள் ஜெயித்தோம். நிறைய ஜெயித்தோம். ஷார்ஜா பையன் "அங்கிள், யு ஆர் பீஸ்ட்" என்றான். திருச்சிப் பையன் சார் என்று கூப்பிட ஆரம்பித்தான். என் மகன், "அப்பா, நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வர்றோம்" என்றான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வார்த்தையைக் கேட்டு வாரம் முழுக்க நான் ஒர்க்‌ஷாப்பில் யாரையும் திட்டவில்லை.

ஆனால் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் ஏதோ குறைகிறது என்று பட்டது. யோசித்துப் பார்த்தபோது தெரிந்தது. அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். பேச்செல்லாம் எந்த மலை, எந்தத் துப்பாக்கி, எந்தப் பக்கம் வண்டி என்றுதான். பிசிக்ஸ் சார் இல்லை. துபாய் என்று கூப்பிடும் பையன்கள் இல்லை. என்னைத் தூக்கிவிட வேண்டிய அவசியமே வரவில்லை, நான் விழவே இல்லையே. நன்றாக ஆடுகிற ஒரு கூட்டாளியிடம் எவன் வீட்டுக்கதை பேசுவான். நானாக ஒருதரம், "ஸ்கூல்ல எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அப்பா, ஃபோகஸ்" என்றான்.

இதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் மே மாதம் எனக்கு வருஷ லீவு வந்தது.

லீவு என்று வந்தால் இங்கிருந்து போகிறவர்கள் எல்லாவற்றையும் யோசிப்போம். எடை, சாக்லேட், யாருக்கு என்ன சென்ட். மேல்கட்டில்காரரை மட்டும் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாது என்பது விமானம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் அவன் கேட்டுவிட்டான். "அப்பா, பக்கத்துல உட்கார்ந்து ஆடலாமா? பசங்க எல்லாரும் பார்க்கணும்னு சொன்னாங்க." அவன் என்னைவிட உயரமாகிவிட்டான். மேலுதட்டில் கறுப்பு விழுந்திருந்தது. எனக்கு அவனைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

முதல் நாள் அசதி என்றேன். இரண்டாம் நாள் சமயபுரம் போனோம். மூன்றாம் நாள் பேங்க், நான்காம் நாள் மச்சினன் வீடு. ஐந்தாம் நாள் நிஜமாகவே தலை வலித்தது. ஆறாம் நாள் சாயங்காலம், அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் வந்து ஹாலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் எழுந்து நின்று, "சார், வணக்கம்" என்றான். மனைவி எல்லாருக்கும் ரஸ்னா கலக்கினாள். தப்பிக்க வழியில்லை.

இறங்கிய ஒரு நிமிஷத்தில் விழுந்தேன். கையில் துப்பாக்கிகூட இல்லை. போன் சூடாகிவிட்டது என்றேன். அவன் தன்னுடைய போனைக் கொடுத்தான். "இதுல ஆடுங்கப்பா, என் செட்டிங்ஸ் ஈஸியா இருக்கும்." மறுபடி விழுந்தேன். மூன்றாவது தரம் ஒரு சுவரில் முட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நின்றேன். சுட்டவன் யோசித்துத்தான் சுட்டான் என்று நினைக்கிறேன். பையன்கள் சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு ரஸ்னா குடித்தார்கள். ஒருவன் ட்யூஷன் இருக்கிறது என்று எழுந்தான், மற்றவர்களுக்கும் உடனே ட்யூஷன் ஞாபகம் வந்தது. என் மகன் அவர்கள் செருப்பு மாட்டும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

என் கைகளைத்தான் பார்த்தான். போன் இன்னும் என் கையில் இருந்தது.

"யாருப்பா அது?" என்று கேட்டான்.

"எது?"

"உங்க ஐடில ஆடறது."

"எங்க ரூம்ல ஒருத்தர்."

"அந்த வெட்னஸ்டேயும் அவர்தானா?"

"ஆமா."

"சண்டே எல்லாம்?"

"ஆடுனது அவர். பேசுனது நான்தான்டா. பேசுனது எல்லாம் நான்தான்."

அவன் தலையாட்டினான். சண்டை போடுவான், கத்துவான், அதை வைத்து நானும் ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவன் காலித் தம்ளர்களை அடுக்கிச் சமையலறையில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, டியூப் லைட்டைப் போட்டான். "நல்லா ஆடறார்" என்றான். அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. என் பிள்ளையின் எதிரே அப்படி ஒரு அவமானம் எனக்கு அதற்கு முன் நேர்ந்ததில்லை.

மிச்ச நாட்களில் அவன் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். கூப்பிட்ட இடத்துக்கு வந்தான், உறவுக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், என் பெட்டிக்குக் கயிறு கட்டினான். விளையாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஏர்போர்ட்டில், "போனதும் மெசேஜ் போடுங்கப்பா" என்றான். போட்டேன். ஓகே என்று வந்தது.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, ஆடலாமா என்று எழுதினேன். டெஸ்ட் இருக்குப்பா என்று எழுதினான். அடுத்த ஞாயிறும் டெஸ்ட். மூன்றாவது ஞாயிறு நான் எழுதவில்லை.

அந்த வாரம்தான் மேல்கட்டில்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். அவருடைய சொந்த ஐடிக்கு என் மகன் நண்பர் அழைப்பு அனுப்பியிருக்கிறான். பழைய ஆட்டங்களைத் துழாவி, என் ஐடியோடு சேர்ந்து ஆடியவர்களில் அவரைக் கண்டுபிடித்திருக்கிறான்.

"சேரவாண்ணே? நீங்க வேணாம்னா வேணாம். எனக்கு ஒண்ணுமில்ல."

"சேருங்க. அதுக்கென்ன" என்றேன். மனசார என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் என்ன தப்பு செய்தார். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எனக்காக முழங்காலால் இடித்தவர்.

இப்போது ஞாயிறு மதியம் அவர் மேல்கட்டிலிலேயே ஆடுகிறார். மைக்கை அணைக்க வேண்டியதில்லை, ஆசை தீரப் பேசுகிறார். கீழே நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு படுத்திருப்பேன். இயர்போன் அவர் காதில் இருப்பதால் ஒரு பக்கம்தான் எனக்குக் கேட்கும். "தம்பி, அங்கிட்டுப் போகாத." கொஞ்சம் மௌனம். "அடப் பாவி, நெசமாவா?" மறுபடி மௌனம், பிறகு சிரிப்பு. கட்டில் ஆடும். மறுபக்கம் என்ன சொல்லியிருப்பான் என்று நானே இட்டுக்கட்டிப் பார்ப்பேன். சில வாரம் அவர் விழுந்துவிட்டார் போலிருக்கும், பேச்சு நீளமாகப் போகும். தூக்கிவிடுகிறான் என்று புரிந்துகொள்வேன்.

போன வாரம் ஆட்டம் முடிந்து அவர் இறங்கி வந்தார். வழக்கம்போலக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உடனே போகவில்லை. என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"அண்ணே, தம்பி இன்னைக்கு ஒண்ணு சொன்னான்."

எழுந்து உட்கார்ந்தேன்.

"அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் சொன்னான். எனக்கு மனசு கேக்கலண்ணே."

"சொல்லாதீங்கன்னு சொன்னான்ல" என்றேன். "அப்ப சொல்லாதீங்க."

அவர் சரிண்ணே என்று சமையலறைக்கு எழுந்து போனார். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. நான் செய்தது சரி, ஒரு அப்பன் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு எழுந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.